ஸ்ரீரங்கத்தில் ஒன்பது மணை, கீழே ஒரு நாற்காலி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கன்யா பூஜையைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. எங்கள் வீட்டில் கொலு வைத்ததில்லை, மந்திரம் எதுவும் தெரியாது. கல்லணைக்கு எந்த பஸ், முக்கொம்பில் எந்தப் பக்கம் நிழல், எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும் என்பது வரைக்கும்தான் எனக்கு வரும். அதையும்கூட யாராவது வந்து "தப்பாக எழுதியிருக்கிறாய்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். இது அதற்கெல்லாம் மேற்பட்ட விஷயம். எழுதவேண்டாம் என்று பத்து நாள் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இந்த நவராத்திரியில் ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. ஸ்ரீரங்கத்தில் அன்றைக்குத் தாயாரின் திருவடி சேவை. வருடம் முழுக்கப் புடவைக்குள் மறைந்திருக்கும் ரங்கநாயகித் தாயாரின் பாதங்களை அந்த ஒரு நாள் மட்டும் பார்க்கலாம். சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் வித்யாவின் சொந்த ஊர் ஸ்ரீரங்கம். அவளுடைய அம்மா வருடா வருடம் நவராத்திரியில் கன்யா பூஜை செய்வார். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரை, வயதுக்கு ஒன்றாக ஒன்பது பெண் குழந்தைகளை உட்காரவைத்து, அவர்களை அம்பாளாகவே நினைத்துக் கால் கழுவி, பூப்போட்டு, சாப்பாடு போட்டு அனுப்புவது. இந்த வருடம் அவர்கள் குடியிருப்பில் எட்டுக் குழந்தைகள் கிடைத்துவிட்டார்கள். ஒன்பது வயதுக்கு மட்டும் ஆள் இல்லை.

"உங்க அக்கா பொண்ணுக்கு ஒன்பதுதானேடி?" என்று வித்யா கேட்டாள். அப்படித்தான் தர்ஷினி அம்பாள் ஆனாள்.

என் அக்கா செல்வி, லால்குடிப் பக்கத்து கிராமத்தில் இருக்கிறாள். பல்சர் வண்டியில் போன மாமா லாரியில் மோதி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அக்காவுக்குச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. நான் படித்து வெளியே வந்ததில் அவளுடைய பங்கு பெரிது. அதையெல்லாம் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. நான் போனில் விஷயத்தைச் சொன்னபோது அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எம் புள்ள கால அவங்க கழுவுவாங்களா? நெசமாவா?" என்றாள். மறுநாளே சத்துணவுக் கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். வீட்டில் தர்ஷினி பலகை போட்டு உட்கார்ந்து பழகினாளாம். "சாமின்னா அசையக் கூடாதாம்மா? மூக்கு அரிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். தன் மகளை அப்படி உட்காரவைத்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அக்காவின் ஆசை. திருவடி சேவையைக்கூட நான்தான் அதோடு சேர்த்தேன்.

லால்குடியில் காலை ஏழரை மணிக்கு, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் போகும் டவுன் பஸ் ஏறினோம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் காசு இல்லை. தனியார் பஸ் சீக்கிரம் போகும், ஆனால் பாட்டுச் சத்தத்தில் பேசமுடியாது. ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் சத்திரம் வரை போய்த் திரும்பி வரவேண்டாம். டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் பாலம் தாண்டி, திருவானைக்கோவிலில் இறங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு அதுவரை முக்கால் மணி நேரம் ஆனது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. தர்ஷினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பின்னலில் வைத்த மல்லிகை காற்றில் போகாமல் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அங்கிருந்து அம்மா மண்டபம் சாலைக்கு ஆட்டோ. நூற்றிருபது கேட்டார்கள். அக்கா எண்பது என்றாள்.

"எண்பதுக்கு வண்டிய நீங்களே ஓட்டிட்டுப் போயிடுங்கக்கா," என்றார் ஆட்டோக்காரர்.

"ஓட்டத் தெரிஞ்சா உங்கள எதுக்குங்க கேக்கப் போறேன்?"

நூறுக்கு முடிந்தது. திருவடி சேவை நாளில் தெற்கு வாசல் பக்கம் ஆட்டோ விடமாட்டார்கள் என்பதை அவரே சொன்னார். நீங்கள் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வித்யாவின் வீடு நான்கு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது தளம். லிஃப்ட் உண்டு. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு வாட்ச்மேன், வையம்பட்டிப் பக்கத்துக்காரர், நாங்கள் எந்த வீட்டுக்கு என்று விசாரித்தார். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா தர்ஷினியின் பாவாடையைச் சரிசெய்து, நெற்றியில் வியர்வையை ஒற்றி, அவள் கையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீ கூட்டிட்டுப் போ. நான் இங்கயே இருக்கேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, அவ்வளவு தூரம் வந்துட்டு என்னக்கா இது? இந்தக் காலத்துல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டாங்கடி. படிச்சவங்க, வாயால சொல்லுவாங்களா? மனசுல நினைப்பாங்க. சுமங்கலிங்க நிக்கிற எடத்துல நான் போயி முன்னால நின்னா, அந்த நினைப்பு எம் புள்ள மேலதான் விழும். இன்னிக்கு அவளுக்கு அது வேணாம்."

"நானாச்சும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"கேட்டியோ, நான் இப்பவே பஸ் ஏறிடுவேன்." பிறகு சிரித்தாள். "தாயாரே படி தாண்டாதவங்கதானே? ஊரு ராசிய நான் எதுக்குக் கெடுக்கணும்?"

ஸ்ரீரங்கத்துத் தாயார் தன் சந்நிதியை விட்டு வெளியே புறப்பாடு போவதில்லை. படி தாண்டாப் பத்தினி என்பார்கள். அதைத்தான் சொன்னாள். வாட்ச்மேன் என்ன புரிந்துகொண்டாரோ, தன்னுடைய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஒரு தூண் பக்கத்தில் போட்டார். "உக்காருங்கம்மா. நம்ம வையம்பட்டி ஆளுங்களுக்கு நின்னு பழக்கந்தான்," என்றார். அக்கா எங்கள் செருப்புகளை எடுத்து நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் தர்ஷினியும் லிஃப்டில் ஏறினோம்.

கதவைத் திறந்தது வித்யாவின் அம்மா. அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மாமி. எனக்கும் மாமிதான். மாம்பழ நிறப் புடவை, நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு. "நீதானே அந்தப் பஸ் நம்பரெல்லாம் எழுதற பொண்ணு? வித்யா அனுப்புவா. எழுத்தைப் பெரிசாக்கி வெச்சுண்டு ஒண்ணு விடாமப் படிப்பேன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பதிவைப் படிக்கிற ஒருவரை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அடுத்து, "அக்காவும் வரான்னு வித்யா சொன்னாளே, எங்கே?" என்றார்.

உள்ளே இருபது இருபத்தைந்து பெண்கள். பட்டுப்புடவைகள். பலரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வரலைங்க மாமி. வேலை இருக்குன்னுட்டாங்க," என்றேன்.

தர்ஷினி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

பூஜை ஒன்பதரைக்குத் தொடங்கியது. ஹாலில் ஒரு பக்கம் ஏழு படிக் கொலு. அதற்கு எதிரே சுவரோரமாக ஒன்பது மணை, ஒவ்வொன்றின் அடியிலும் கோலம். குழந்தைகளை வயது வரிசையில் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு வயதுக்கும் அம்பாளின் ஒரு பெயர் உண்டாம். இரண்டு வயதுக் குழந்தை குமாரி, நான்கு வயது கல்யாணி, ஆறு வயது காளிகா. ஒன்பது வயது துர்கா. பத்து வயது சுபத்ரா, அதோடு சரி, அதற்கு மேல் இல்லை. தர்ஷினி எட்டாவது மணையில் துர்காவாக முதுகை நேராக வைத்து உட்கார்ந்தாள். மூக்கு அரித்ததா என்று தெரியாது, அசையவே இல்லை.

மாமிக்கு முட்டி வலி. ஆனாலும் தரையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு குழந்தையிடமும் வந்தார். பித்தளைத் தாம்பாளத்தில் குழந்தையின் இரண்டு கால்களையும் எடுத்து வைப்பார். மஞ்சள் கலந்த தண்ணீரை ஊற்றிக் கழுவுவார். புதுத் துண்டால் விரல் இடுக்கு வரை துடைப்பார். பிறகு காலைச் சுற்றிச் சிவப்பாக நலங்கு வரைவார். சந்தனம், குங்குமம், பூ, கையில் வளையல், முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடி. கடைசியில் அந்தக் குழந்தைக்கு முன்னால் தலை தரையில் படும்படிக் குனிவார்.

இதைப் பயபக்தியான காட்சியாக மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். குமாரி நலங்குக் கிண்ணத்துக்குள் கையை விட்டுத் தன் கன்னத்தில் பூசிக்கொண்டாள். கல்யாணி பாதியில் தூங்கிவிட்டாள். காளிகாவின் உள்ளங்காலைத் தொட்டதுமே அவள், "மாமி, கிச்சுகிச்சு ஆறது!" என்று கத்தினாள். "அடங்குடி, நீ காளி," என்று அவளுடைய அம்மா பின்னாலிருந்து அதட்ட, எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்குப் பின்னாலும் அதனதன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எட்டாவது மணைக்குப் பின்னால் நான் நின்றேன்.

தர்ஷினியின் கால்கள் கறுத்து, குதிகாலில் லேசாக வெடித்திருக்கும். பக்கத்துக் கால்களைப் பார்த்துவிட்டு அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். மாமி ஒவ்வொரு விரலாக விரித்து, மற்றவர்களுக்குக் கழுவியதைவிட அதிக நேரம் கழுவினார். "எவ்வளவு நடந்திருக்கா எங்க துர்கா," என்றார் மெதுவாக. அதை அக்கா கேட்டிருக்கவேண்டும்.

ஆரத்திக்கு முன்னால் உதவி செய்யலாம் என்று சமையலறைக்குப் போனேன். வித்யாவின் அத்தை, அதாவது மாமியின் நாத்தனார், வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று கேட்டுவிட்டு, கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

"எங்கண்ணா போய் நாலு வருஷம் ஆச்சு. மன்னி இதோட நிறுத்திடுவான்னு பார்த்தேன். எங்கே? யார் பண்றதுன்னு ஒரு வரைமுறை வேண்டாமா? கேட்டா என்ன சொல்றா தெரியுமோ? அம்பாள் காலை அலம்பறதுக்கு சுமங்கலின்னு சர்ட்டிஃபிகேட் வாங்கிண்டு வரணுமாங்கறா."

"வாங்கிண்டு வந்தாலும் நீ அட்டெஸ்ட் பண்ணித் தர மாட்டியே," என்று பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. பாயசத்தைப் பார்க்க வந்திருந்தார். அத்தையே சிரித்துவிட்டார். மாமி கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சமையலறை வாசலுக்கு மேலே மாலை போட்ட ஒரு ஆணின் படம் இருந்தது. வந்ததிலிருந்து இரண்டு தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். வித்யாவோடு ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன், அவள் அப்பாவைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கூச்சம்தான். பிறர் வீட்டு விஷயத்தைக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினேன். அக்கா அதே நாற்காலியில் இருந்தாள். மேலேயிருந்து வந்த மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள்.

"அக்கா, மேல வா. அந்த மாமிக்கும் வீட்டுக்காரர் இல்லக்கா. அவங்கதான் எல்லாக் காலும் கழுவுறாங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மா சொல்லாத."

"சத்தியமா அக்கா."

"போட்டோ காமி."

பூஜையின்போது படம் எடுக்கவேண்டாம் என்று வித்யா முன்பே சொல்லியிருந்தாள். என்னிடம் ஒரு படமும் இல்லை.

"அவங்க நெத்தில பொட்டு இருக்கா?"

"இருக்கு."

"கலர் பொடவையா, வெள்ளையா?"

"கலர்தான்கா, ஆனா..."

"அப்புறம் என்னடி? என்னைய மேல ஏத்தறதுக்குப் பொய் சொல்றியா? சாமி காரியத்துல பொய் சொல்லாத மீனா. போ, புள்ளைக்கு என்ன வேணும்னு பாரு."

சின்ன வயதிலிருந்து யாராவது வருத்தப்படக்கூடாது என்றால் நான் உடனே ஒரு பொய் சொல்லிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மேலே அதைத்தான் செய்திருந்தேன். மாமியையே கீழே அழைத்து வந்திருக்கலாம். ஆனால் அவரிடம் என்னவென்று சொல்வது? அக்கா வரவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள் நான்தானே. மறுபடியும் படியேறினேன்.

அந்த வீட்டில் கடைசியாக ஒரு வழக்கம் உண்டு. குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் மாமி ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து தலையைக் குனிவார். குழந்தை அட்சதை போடவேண்டும். பிறகு மாமி கேட்பார், "அம்பாளுக்கு என்ன வேணும்? இன்னிக்கு நீ கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டேன்." அந்த ஒரு நாள் குழந்தை கேட்பதை அம்பாள் கேட்பதாகவே எடுத்துக்கொள்வார்களாம். கல்யாணி இன்னொரு வடை கேட்டாள். காளிகாவுக்குக் கொலுவில் இருந்த யானைப் பொம்மை வேண்டும். அதை அப்போதே படியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். எட்டு வயதுப் பெண், "எங்கம்மா என்னை ஒரு மாசத்துக்கு ஹிந்தி கிளாஸ் அனுப்பக் கூடாது," என்றதும் ஹால் முழுக்கச் சிரிப்பு. "அம்பாள் உத்தரவு, நான் என்ன பண்ணட்டும்," என்று மாமி அவளுடைய அம்மாவிடம் கையை விரித்தார்.

அடுத்தது தர்ஷினி. அட்சதையைச் சிந்தாமல் போட்டாள். மாமி கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், "எங்கம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் தலையை லேசாக ஆட்டினேன். வேண்டாம் என்று.

யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அவ்வளவு சின்ன அசைவு. தர்ஷினி முன்னால் திரும்பி, "ஒண்ணும் வேணாங்க," என்றாள்.

"அம்பாள் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலாமோ? உங்கம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லைங்க."

மாமி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, உனக்கு ஒண்ணு பாக்கி. எப்போ தோணறதோ அப்போ வந்து கேளு. அடுத்த வருஷம் நீதான் சுபத்ரா, வேற யாரையும் கூப்பிட மாட்டேன்."

ஒன்பது பேருக்கு முன்னால் மாமி தரையில் விழுந்து கும்பிட்ட காலையில், அவள் வாயிலிருந்து வரவிருந்த ஒரே வார்த்தையை நிறுத்தியது நான். வேறு யாரும் இல்லை.

கிளம்பும்போது மாமி இரண்டு பை கொடுத்தார். ஒன்று தர்ஷினிக்கு, இன்னொன்று "வராத அக்காவுக்கு". கீழே வந்து கொடுத்ததும் அக்கா பைக்குள் பார்த்தாள். தேங்காய், ரவிக்கைத் துணி, மஞ்சள், ஒரு முழம் பூ, குங்குமச் சிமிழ். "தெரியாமக் குடுத்திருக்காங்க," என்று குங்குமத்தைத் தொடாமல் பூவை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, தர்ஷினியின் தலையில் வைத்தாள். பிறகு மகளுடைய கால்களைப் பார்த்தாள். நலங்கு இன்னும் ஈரமாக இருந்தது. தர்ஷினி செருப்புக்குள் காலை நுழைக்கப் போனாள்.

"போடாத, அழிஞ்சிடும்," என்று அக்கா குனிந்து, ஒன்பது வயதுப் பெண்ணை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டாள். சாலை முனைவரை தூக்கிக்கொண்டே நடந்தாள். வெயிலில் தார் கொதித்தது. "சாமிய எறக்கி விடுங்கம்மா, இடுப்பு போயிடப் போவுது," என்று வாட்ச்மேன் பின்னாலிருந்து கத்தினார்.

மதியம் அம்மா மண்டபத்தில், காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து அக்கா, தான் கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டாள். காலையிலிருந்து அவள் குடித்தது வாட்ச்மேன் வாங்கிக் கொடுத்த ஒரு டீ. மாலை நான்கு மணிக்குத் தாயார் சந்நிதி வரிசையில் நின்றோம். இரண்டே கால் மணி நேரம். திருவடி சேவையின் நேரம் வருடத்துக்கு வருடம் மாறலாம், கோயிலில் எழுதிப் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம். குழந்தையோடு போகிறவர்கள் வரிசையில் நுழைவதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய்விடுவது நல்லது, நடுவில் வெளியே வந்தால் மறுபடியும் கடைசிக்குத்தான் போகவேண்டும்.

அக்கா ஒரு இடத்தில்கூட அலுத்துக்கொள்ளவில்லை. தர்ஷினியின் காலை யாரும் மிதித்துவிடாமல் தன் இரண்டு கால்களுக்கு நடுவில் அவளை நிறுத்தி நடத்திக்கொண்டு வந்தாள். தாயார் வீற்றிருக்கும் கொலு மண்டபத்துக்கு நேரே வந்ததும் நகரச் சொல்லிவிட்டார்கள். மிஞ்சிப்போனால் நான்கைந்து நொடி. விளக்கொளியில் தங்கமாக இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெளியே வந்ததும் அக்காவின் கண் கலங்கியிருந்தது. "பாத்துட்டேன், போதும்," என்றாள்.

திரும்பும் வழியைப் பற்றி ஒரு குறிப்பு. அந்த நேரத்தில் திருவானைக்கோவிலில் நின்றால் லால்குடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் போய், அங்கே காலியாக நிற்கும் வண்டியில் ஏறுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஏழு மணி இருக்கும். பஸ் கிளம்பும்வரை அக்கா கடலை வாங்கி உரித்துக்கொண்டே, "மேல என்னல்லாம் பண்ணாங்க, ஒண்ணு விடாம சொல்லு," என்றாள்.

தர்ஷினி சொன்னாள். கிச்சுகிச்சு, வடை, யானைப் பொம்மை, ஹிந்தி கிளாஸ். மாமி விரல் விரலாகக் கழுவியது. பிறகு சாதாரணமாக, "அவங்க குனியறப்ப பாத்தேம்மா. அவங்களுக்கும் கழுத்துல தாலி இல்ல. உன்ன மாதிரியே ஒரு சங்கிலி மட்டுந்தான்," என்றாள்.

அக்காவின் கையில் கடலை நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பவில்லை. பொட்டலத்தை மடித்துவிட்டு, "நீ சொன்னது நெசந்தானா?" என்றாள்.

"நெசந்தான்கா."

"இதுக்குத்தான் சொல்றது, எல்லாத்துக்கும் பொய் சொல்லி வைக்காதேன்னு." சிரிப்பதுபோல் இருந்தது, ஆனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தம்மா கேட்டப்ப நீ என்னடி கேட்ட?" என்று தர்ஷினியிடம் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கல. 'எங்கம்மா கீழ இருக்காங்க, மேல கூப்பிடுங்க'ன்னு சொல்லலாம்னு நினைச்சேன். சித்தி வேணாம்னாங்க."

பஸ் கிளம்பிக் கொள்ளிடம் பாலத்துக்கு வந்தது. பாலத்தில் காற்று வந்தபோது நான்தான் ஆரம்பித்தேன். அடுத்த வருடம் நீயும் மேலே வந்துவிடு அக்கா என்றேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவங்க வீடு, அவங்க தைரியம், அவங்க பண்றாங்க. கூப்பிடாத எடத்துக்கு நான் எப்படிடி போறது? நீ கூப்பிட்டா ஆச்சா?" தர்ஷினி அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். கால் இரண்டையும் என் மடியில் நீட்டியிருந்தாள். நலங்கு ஓரங்களில் உதிர ஆரம்பித்திருந்தது.

நவராத்திரியில் இதுபோன்ற பூஜைக்கு அழைக்கப்பட்டால் கட்டாயம் போங்கள். குழந்தைக்கு முன்பே கொஞ்சம் சாப்பாடு கொடுத்துவிடுங்கள், பூஜை முடிய இரண்டு மணி நேரம் ஆகும். எளிதாகக் கழற்றக்கூடிய கொலுசு போட்டு அனுப்புங்கள். அழைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையின் பெயரைக் கேட்பதுபோல அம்மாவின் பெயரையும் கேட்டு, அவளிடம் நேரில் சொல்லுங்கள். சிலர் கூப்பிட்டால்கூட வரமாட்டார்கள். கூப்பிடாவிட்டால் எத்தனை மைல் வந்தாலும் கீழேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

மாமி, இதையும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். அன்று வாசலில் நான் சொன்னது பொய். என் அக்கா வந்திருந்தாள், உங்கள் வீட்டுக்கு நேர் கீழே, தூண் ஓரமாக. துர்காவுக்கு நீங்கள் தரவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அவள் கேட்க நினைத்தது என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அடுத்த வருடத்தோடு அவளுக்கு வயது முடிந்துவிடும். வித்யாவிடம் சொல்லி அனுப்பவேண்டாம், என்னிடமும் சொல்லவேண்டாம், நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அடுத்த நவராத்திரிக்கு முன்னால் நீங்களே அக்காவுக்குப் போன் செய்து, மாடிக்கு வரச் சொல்லுங்கள். மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டால் சத்துணவுக் கூடத்துப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்திருப்பாள்.